தன்னார்வப் பணி விசாவுக்குச் சான்றாகுமா? பிரிட்டனின் குளோபல் டேலண்ட் விசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் விழுப்புரத்திலும் யாழ்ப்பாணத்திலும் வார இறுதிகளில் சம்பளம் எதுவும் வாங்காமல் மென்பொருள் எழுதுகிறவர்களும், நிரலாக்கம் கற்பிக்கிறவர்களும், கட்டற்ற மென்பொருள் (எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருள்) சந்திப்புகளை நடத்துகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பிரிட்டனில் பணிபுரிய விண்ணப்பிக்கும்போது, பல ஆண்டு உழைப்பை ஒரே ஒரு பாராட்டுச் சான்றிதழாகச் சுருக்கிக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கோப்புகளைப் படித்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தமே இந்தக் கேள்வி பதில்களை எழுதத் தூண்டியது. நான் குடிவரவு வழக்கறிஞர் அல்லன். விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டன் அரசின் அதிகாரபூர்வ வழிகாட்டியை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

இங்கே பேசப்படுவது எந்த விசா?

2020 பிப்ரவரியில் பிரிட்டன் தொடங்கிய குளோபல் டேலண்ட் விசா. அதற்கு முன்பு இருந்த டியர் 1 எக்ஸெப்ஷனல் டேலண்ட் என்ற பிரிவின் இடத்தில் இது வந்தது. இதற்கு வேலை தரும் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் தேவையில்லை. மாறாக, உங்கள் துறையில் நீங்கள் முன்னணியில் இருக்கிறீர்கள் என்றோ, முன்னணிக்கு வரக்கூடியவர் என்றோ ஓர் அமைப்பு மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் தொழில்நுட்பத் துறைக்கு அந்த அமைப்பு டெக் நேஷன். அதன் மதிப்பீட்டின் அடிப்படையில் உள்துறை அமைச்சகம் தகுதி ஒப்புதல் வழங்கும். ஒப்புதல் கிடைத்த 3 மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒப்புதல் இரண்டு வகைப்படும். நிலைபெற்ற அனுபவசாலிகளுக்கு ‘எக்ஸெப்ஷனல் டேலண்ட்’. பொதுவாக 5 ஆண்டுகளுக்கும் குறைவான அனுபவத்தோடு தொடக்க நிலையில் இருப்போருக்கு ‘எக்ஸெப்ஷனல் பிராமிஸ்’. முதல் வகையினர் 3 ஆண்டுகளுக்குப் பிறகும், டிஜிட்டல் தொழில்நுட்பத் துறையில் இரண்டாம் வகையினர் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

2025இல் விசாவின் மொத்தக் கட்டணம் 766 பவுண்டாக இருந்தது. அதில் 561 பவுண்டை ஒப்புதல் கட்டத்திலேயே செலுத்த வேண்டியிருந்தது. இதைத் தவிர, ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் இருந்தது. ஒப்புதல் கட்டத்திலேயே பெரும்பகுதிக் கட்டணம் போய்விடுவதால், சான்றுகள் பழுத்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

தன்னார்வப் பணியை இந்த விசாவுக்குச் சான்றாகக் காட்ட முடியுமா?

முடியும். எந்த அளவுகோலுக்கு எதிரே காட்டுகிறோம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

விண்ணப்பதாரர் ஒரு கட்டாய அளவுகோலையும், நான்கு விருப்ப அளவுகோல்களில் ஏதேனும் இரண்டையும் நிறைவு செய்ய வேண்டும். கடந்த 5 ஆண்டுகளில் துறையின் முன்னணித் திறமையாளராக அல்லது அந்த நிலையை எட்டக்கூடியவராக அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது கட்டாய அளவுகோல். விருப்ப அளவுகோல்கள் வருமாறு: புத்தாக்கம் செய்த வரலாறு, தன் தொழிலுக்கு வெளியே செய்த பணியின் மூலம் துறையின் முன்னேற்றத்துக்குப் பங்களித்ததற்கான அங்கீகாரம், தயாரிப்பு சார்ந்த தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் குறிப்பிடத்தக்க பங்களிப்பு, ஆய்வுத் துறைப் பங்களிப்பு.

தன்னார்வலர்களின் இயல்பான இடம் இரண்டாவது விருப்ப அளவுகோல். அதன் வாசகத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ‘சம்பளமில்லாத பணி’ என்று அதில் எங்கும் இல்லை. ‘தொழிலுக்கு வெளியே’, ‘துறையின் முன்னேற்றம்’, ‘அங்கீகாரம்’ என்ற மூன்று சொற்றொடர்கள்தான் இருக்கின்றன. நீங்கள் காசு வாங்கவில்லை என்பது இந்த மூன்றில் எதையும் நிறுவிவிடாது. உங்கள் வேலைக்கு அப்பால் செய்தீர்கள், அதனால் துறையில் ஒன்று மாறியது, உங்களோடு தொடர்பில்லாதவர்களும் அதைக் கண்டு மதித்தார்கள் என்று காட்ட வேண்டும்.

கட்டாய அளவுகோலுக்கும் தன்னார்வப் பணி உதவலாம். முக்கியமான திறந்த மூலத் திட்டம் (நிரலைப் பொதுவில் வெளியிடும் மென்பொருள் திட்டம்) ஒன்றைத் தொடங்கியது அல்லது அதில் முதன்மைப் பங்கு வகித்தது, தொழில்நுட்பத் துறையை மையமாகக் கொண்ட ஒரு லாபநோக்கற்ற அமைப்பின் வளர்ச்சிக்குத் தலைமை தாங்கியது போன்றவற்றை டெக் நேஷனின் வழிகாட்டி எடுத்துக்காட்டுகளாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் இரண்டு அளவுகோல்களுக்கும் ஒரே சான்றைத் திருப்பித் திருப்பிக் காட்டாமல், பணியின் வெவ்வேறு பகுதிகளைப் பிரித்துக் காட்டுவதே பாதுகாப்பானது.

வெள்ள நிவாரணம், இரத்த தானம், கோயில் திருப்பணி, ஞாயிறு தமிழ்ப் பள்ளி ஆகியவற்றையும் சேர்க்கலாமா?

இவை மனிதருக்குப் பெருமை தரும் பணிகள்; தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாக இருக்கலாம். சான்று ஆவணமாக வைக்க வேண்டாம். உங்களுக்கு அனுமதிக்கப்பட்டிருப்பது 10 ஆவணங்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 3 ஏ4 பக்கங்கள். அந்த இடத்தில் ஒன்றைக்கூட இவற்றுக்குக் கொடுக்க முடியாது.

அதே வெள்ளத்தின்போது நீங்கள் செய்தது தொழில்நுட்பப் பணியாக இருந்தால் நிலைமை வேறு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுமக்களே குறித்துவைக்கும் வரைபடம், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவின் மீது உருவாக்கப்பட்டது. படகில் போய்ச் சாப்பாடு கொடுத்தவரும் அந்த வரைபடத்தை எழுதியவரும் ஊருக்குச் செய்த உதவியில் ஏற்றத்தாழ்வு இல்லை. இருந்தாலும் இந்த விசாவின் கண்ணுக்குத் தெரிவது இரண்டாமவரின் பணி மட்டுமே.

‘துறையின் முன்னேற்றம்’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

இலங்கையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோரைப் பதிவு செய்யவும், முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் ஒருங்கிணைக்கவும் அங்கிருந்த மென்பொருளாளர்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்து ‘சஹானா’ என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளை எழுதினார்கள். அதைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்படுத்தப்பட்டது. சமூக நன்மைக்கான திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதும் 2006ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது.

இந்த வரலாற்றில் நமக்குப் பாடமாக இருப்பது வரிசை. ஒரு தேவை எழுந்தது, நிரல் எழுதப்பட்டது, அதை எழுதியவர்களின் ஊரைக்கூடப் பார்த்திராதவர்கள் வேறு நாட்டில் எடுத்துப் பயன்படுத்தினார்கள், பிறகு துறைசார்ந்த அமைப்பு ஒன்று அதை அங்கீகரித்தது. உங்கள் பணி சஹானா அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் குழுவின் வாசலைத் தாண்டி அது எங்கே போனது என்ற கேள்விக்கு ஒரு பதிலாவது இருக்க வேண்டும். வேறொரு ஊரின் பயனர் குழு உங்கள் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டதா? வேறொரு மென்பொருள் உங்கள் நிரல்தொகுப்பைச் சார்ந்திருக்கிறதா? நீங்கள் எழுதிய பிழைதிருத்தம் மூலத் திட்டத்தின் அடுத்த வெளியீட்டில் சேர்ந்ததா? ஒரு விண்ணப்பத்தைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களித்திருக்கிறேன். கிட்ஹப் முகவரியைக் கொடுத்தால் போதாதா?

போதாது. கிட்ஹப் என்பது நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையத்தளம். மதிப்பீட்டாளர் அந்த இணைப்பைத் திறந்து, உங்கள் பெயரைத் தேடி, எது முக்கியம் என்று தாமே கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. காட்ட வேண்டியதெல்லாம் ஆவணத்தின் பக்கங்களுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

3 பக்கங்களை இப்படிப் பயன்படுத்தலாம். முதல் பக்கத்தின் மேலே இரண்டு மூன்று வரிகளில், திட்டம் எது, அதை யார் பயன்படுத்துகிறார்கள், அதில் உங்கள் பொறுப்பு என்ன என்று சொல்லுங்கள். அதற்குக் கீழே மிக முக்கியமான ஒரு புல் ரிக்வெஸ்டின் (உங்கள் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையின்) திரைப்பிடிப்பை வையுங்கள். அதில் உங்கள் பயனர் பெயர், தேதி, இணைக்கப்பட்டது என்ற ஊதா நிறக் குறி, திட்டத்தின் பராமரிப்பாளர் எழுதிய மறுமொழி ஆகிய நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். உலாவியின் முகவரிப் பட்டையை வெட்டிவிடாதீர்கள். இரண்டாம் பக்கத்தில், அந்த மாற்றம் இடம்பெற்ற வெளியீட்டுக் குறிப்பையும், மொத்தப் பங்களிப்பாளர் பட்டியலில் உங்கள் இடத்தையும் காட்டலாம். மூன்றாம் பக்கம் பயன்பாட்டுக்கு: பை.பி.ஐ., என்.பி.எம். போன்ற நிரல்தொகுப்புத் தளங்களில் பதிவிறக்க எண்ணிக்கை, அதைச் சார்ந்திருக்கும் பிற திட்டங்கள், பயனர் ஒருவர் எழுப்பிய சிக்கலும் அதை நீங்கள் தீர்த்த விதமும்.

கிட்ஹப் காட்டும் பச்சைக் கட்டங்கள் நிறைந்த பங்களிப்பு வரைபடத்தை மட்டும் ஒட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒருவர் சுறுசுறுப்பானவர் என்பதை மட்டுமே சொல்லும். எழுத்துப்பிழை திருத்திய 40 புல் ரிக்வெஸ்டுகளைவிட, பராமரிப்பாளர் மூன்று முறை திருப்பி அனுப்பிப் பிறகு ஏற்றுக்கொண்ட ஒரே ஒரு புல் ரிக்வெஸ்ட் கனமானது. அந்த உரையாடலில் உங்கள் சிந்தனை தெரியும். பிறர் உங்களை மதித்து நேரம் செலவிட்டதும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் நிறுவனம் சம்பளம் கொடுத்து, அலுவலக வேலையாகவே ஒரு திறந்த மூலத் திட்டத்தில் உங்களை ஈடுபடுத்தியிருந்தால், அது ‘தொழிலுக்கு வெளியே’ ஆகாது. அதை மற்ற அளவுகோல்களுக்குப் பயன்படுத்துங்கள்.

தமிழ்க் கணிமைப் பணிகள் எடுபடுமா? மதிப்பீட்டாளருக்குத் தமிழ் தெரியாதே?

தமிழ் தெரியாது என்பதால்தான் சூழலை விளக்க வேண்டும். உலகெங்கும் பல கோடிப் பேர் பேசும் ஒரு மொழிக்குப் பிழைதிருத்தியோ, எழுத்துணரியோ, விசைப்பலகையோ, பேச்சுத் தரவுத் தொகுப்போ போதுமான அளவில் இல்லை என்பதும், நீங்கள் செய்தது அந்த இடைவெளியில் எந்தப் பகுதியை நிரப்பியது என்பதும் மதிப்பீட்டாளருக்கு ஆங்கிலத்தில் இரண்டே வரிகளில் புரிந்துவிட வேண்டும்.

கணியம் அறக்கட்டளை, நூலகம் நிறுவனம், ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு, தமிழ் விக்கிப்பீடியா போன்ற முயற்சிகளில் பங்கெடுத்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: வேலையின் பெரும்பகுதி பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பயனருக்கும் பங்களிப்புப் பக்கம் உண்டு. மொசில்லாவின் பொன்டூன், வெப்லேட் போன்ற மொழியாக்கத் தளங்களில் எத்தனை சரங்களை (மென்பொருளின் திரையில் தோன்றும் சொற்றொடர்களை) நீங்கள் மொழிபெயர்த்தீர்கள், எத்தனையைச் சரிபார்த்தீர்கள் என்ற கணக்கு இருக்கிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இடைமுகத்தை மொழிபெயர்த்தது மட்டும் தனியாக நின்றால், இந்த விசாவுக்கு அது வலுக்குறைந்த சான்று. மொழியாக்கக் குழுவை ஒருங்கிணைத்தது, கலைச்சொல் ஒழுங்கை உருவாக்கியது, மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் கருவியை எழுதியது ஆகியவை வலுவானவை. எழுதிய வரிகளின் எண்ணிக்கையைவிட, உங்களுக்குப் பின் வந்தவர்களின் வேலை உங்களால் எவ்வளவு எளிதாயிற்று என்பதை முன்னே வையுங்கள்.

வழிகாட்டியாக (மென்டராக) இருந்தது, பயிலரங்கம் நடத்தியது?

கட்டமைப்புள்ள திட்டம் ஒன்றின் வழியே செய்ததுதான் நிற்கும். வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுக்க அந்தத் திட்டத்தில் ஒரு முறை இருந்தது, குறிப்பிட்ட காலம் நடந்தது, வழிகாட்டப்பட்டவர்கள் இன்னின்னது செய்தார்கள் என்று காட்ட முடிய வேண்டும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுத்ததும், கல்லூரி ஜூனியருக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொன்னதும் இதில் சேரா.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஸ்கிராட்ச் (சிறுவர்களுக்கான நிரலாக்க மொழி) சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பள்ளியில் 6 சனிக்கிழமைகள் நடத்திய வகுப்பு மட்டும் என்றால் போதாது. அதற்காக நீங்கள் உருவாக்கிய பாடநூலை உரிமக் கட்டுப்பாடின்றி வெளியிட்டு, வேறு பள்ளிகளும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் நிலைமை மாறும்.

மாதாந்திரச் சந்திப்புகளை ஒருங்கிணைத்திருக்கிறேன். மண்டபம் பிடித்ததும் நாற்காலி போட்டதும் சான்றாகுமா?

ஒருங்கிணைப்பு என்பதைப் பலரும் இப்படித்தான் குறைத்து எண்ணிக்கொள்கிறார்கள். சென்னைப்பை (பைத்தான் நிரலாளர் குழு), சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்ற சமூகங்கள் ஆண்டுக்கணக்கில் நின்றதற்குக் காரணமே, மாதம் தவறாமல் பேச்சாளரைத் தேடி, தலைப்பைச் செதுக்கி, முதன்முறை பேசுபவருக்குத் துணிவு கொடுத்து, அறிவிப்பு அனுப்பிய சிலர்தான். அந்தப் பகுதியைக் காட்டுங்கள். நீங்கள் பொறுப்பேற்றபோது எத்தனை பேர் வந்தார்கள், பிறகு எத்தனை பேர், எந்தப் பேச்சுகளை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், பேச்சு முன்மொழிவுகளை மதிப்பிடும் குழுவில் இருந்தீர்களா என்பவற்றுக்கு மின்னஞ்சல் தொகுப்பும் நிகழ்வுப் பக்கங்களும் சாட்சி சொல்லும். மேடையில் நிற்கும் படத்தைவிட, உங்கள் பெயரோடு வெளியான நிகழ்ச்சி நிரல் பயனுள்ளது.

தொண்டு நிறுவனம் ஒரு கடிதம் தந்திருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில், இரண்டு வகைக் கடிதங்களைப் பிரித்தறிய வேண்டும். விண்ணப்பத்தோடு 3 பரிந்துரைக் கடிதங்கள் கட்டாயம். அவற்றை எழுதுவோர் டிஜிட்டல் தொழில்நுட்பத் துறையில் நிலைபெற்ற வல்லுநர்களாகவும், உங்கள் பணியைக் குறைந்தது 12 மாதங்களாக அறிந்தவர்களாகவும் இருக்க வேண்டும். தொண்டு நிறுவனத்தின் செயலாளர் எவ்வளவு மதிப்புக்குரியவராக இருந்தாலும், தொழில்நுட்பத் துறையைச் சேராதவர் என்றால், அவருடைய கடிதம் இந்த மூன்றில் ஒன்றாக இருப்பது உசிதமன்று. அதைச் சான்று ஆவணங்களில் ஒன்றின் பகுதியாக வைக்கலாம்.

இரண்டாவது, கடிதத்தின் உள்ளடக்கம். நான் இட்டுக்கட்டிய இரண்டு வாசகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். “இவர் எங்கள் அமைப்பில் 3 ஆண்டுகள் அர்ப்பணிப்புடனும் நேர்மையுடனும் தொண்டாற்றினார், அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்” என்பது ஒன்று. “எங்கள் 11 கிளை நூலகங்களின் பட்டியல்கள் தனித்தனிக் கோப்புகளில் இருந்தன. இவர் தம் வார இறுதிகளில் அவற்றை ஒரே தேடுபொறியாக இணைத்தார், நிரலைப் பொதுவில் வெளியிட்டார், இப்போது எங்களுக்குத் தொடர்பில்லாத வேறு இரண்டு நூலக அமைப்புகளும் அதை நிறுவியிருக்கின்றன, இதற்காக எங்களிடம் அவர் ஊதியம் பெறவில்லை” என்பது இன்னொன்று. முதல் கடிதத்தில் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இரண்டாவது ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். கடிதம் கொடுப்பவரிடம் பாராட்டைக் கேட்காதீர்கள். முன்பு என்ன நிலை, நீங்கள் செய்தது என்ன, பின்பு என்ன நிலை என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அமைப்பின் முகவரித் தாளில், தேதியோடும் கையொப்பத்தோடும் பொறுப்பு விவரத்தோடும் கடிதம் இருக்க வேண்டும். அதை நீங்களே எழுதிக் கையொப்பம் மட்டும் வாங்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக உள்ளது. அதைக் கைவிடுங்கள். மூன்று கடிதங்களும் ஒரே நடையில், ஒரே அடைமொழிகளோடு இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். உண்மையான பணியும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கடவுச்சீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், கிட்ஹப்பில் புனைபெயர். சிக்கலாகுமா?

தமிழர்களுக்கே உரிய இந்தச் சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும். சான்றிதழில் அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். தன்னார்வச் சமூகத்திலோ உங்களை ஒரு செல்லப்பெயரில்தான் எல்லாருக்கும் தெரியும். மூன்றும் ஒருவரே என்பதை வெளிநாட்டு வாசகர் ஊகிக்க மாட்டார். கிட்ஹப் அறிமுகப் பக்கத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரை எழுதி, அந்தப் பக்கத்தின் திரைப்பிடிப்பை ஆவணத்தில் சேருங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவரிடம் “சமூகத்தில் இன்ன பயனர் பெயரால் அறியப்படும்” என்று ஒரு தொடரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் பணியைப் பற்றித் தமிழ் நாளிதழில் செய்தி வந்தது. வைக்கலாமா?

வைக்கலாம். ஆங்கிலத்திலோ வேல்ஷ் மொழியிலோ இல்லாத எந்த ஆவணத்துக்கும் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழியும், தேதியும், மொழிபெயர்த்தவரின் முழுப்பெயரும், கையொப்பமும், தொடர்பு விவரமும் அதில் இருக்க வேண்டும். செய்தியில் உங்கள் பெயர் இல்லாமல் குழுப்படம் மட்டும் இருந்தால், அந்த இடத்தை வேறு சான்றுக்குக் கொடுங்கள்.

நான் ஐ.டி. சேவை நிறுவனத்தில் பணிபுரிகிறேன். தன்னார்வப் பணியை மட்டும் வைத்துத் தேறிவிட முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு எளிதாக இல்லை, ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் நிற்கும் இடம் இதுதான். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள வேலைவாய்ப்புகளில் பெரும்பங்கு, பிற நிறுவனங்களுக்காகச் செய்து தரும் சேவைப் பணி. டெக் நேஷனின் வழிகாட்டியோ அவுட்சோர்சிங், ஆலோசனைச் சேவை போன்றவற்றைப் பொதுவாகப் பொருந்தாதவையாகக் கருதுகிறது; தயாரிப்பு சார்ந்த நிறுவனங்களை எதிர்பார்க்கிறது. ஆகவே மூன்றாவது விருப்ப அளவுகோல் உங்களுக்குக் கடினம்.

தன்னார்வப் பணியால் இரண்டாவது விருப்ப அளவுகோலை நிறைவு செய்யலாம். திறந்த மூலத் திட்டம் போதிய அளவு பெரிதானால் கட்டாய அளவுகோலையும் நெருங்கலாம். அப்போதும் இன்னொரு விருப்ப அளவுகோல் மீதமிருக்கும். ஆய்வுக் கட்டுரைகள் இருந்தால் நான்காவது அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். புதிய தொழில்நுட்பக் களத்தில் புத்தாக்கம் செய்திருந்தால் முதலாவது. இரண்டுமே இல்லையென்றால், இப்போது விண்ணப்பிக்காமல், தயாரிப்பு நிறுவனம் ஒன்றுக்கு மாறி ஓரிரு ஆண்டுகள் உழைத்த பிறகு விண்ணப்பிப்பதே ஒப்புதல் கட்டணத்தையும் மனத்தையும் காப்பாற்றும்.

அலுவலகத்தின் சமூகப் பொறுப்புத் திட்டத்தில் கலந்துகொண்டது?

நிறுவனம் ஏற்பாடு செய்து, வேலை நேரத்தில் நடந்த ஒருநாள் நிகழ்வுகள் பயன்படா.

அடுத்த 3 மாதங்களில் விண்ணப்பிக்கப் போகிறேன். இப்போது தன்னார்வப் பணியைத் தொடங்கினால் போதுமா?

விண்ணப்பத்துக்குச் சற்று முன்பு மளமளவென்று தொடங்கிய பணிகள் தேதிகளாலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். 5 ஆண்டுகள் அமைதியாக இருந்த கிட்ஹப் கணக்கில் கடைசி 8 வாரங்களில் மட்டும் பங்களிப்புகள் குவிந்திருந்தால், படிப்பவருக்கு அதன் நோக்கம் புரிந்துவிடும். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, விசாவுக்காக மட்டும் ஒரு சமூகத்துக்குள் நுழைந்து, கடிதம் கிடைத்ததும் மறைந்துவிடுகிறவர்களால் அந்தச் சமூகங்களுக்கு ஏற்படும் சோர்வு. உங்களுக்கு உண்மையில் ஆர்வமுள்ள ஒரு திட்டத்தில் ஓராண்டாவது நில்லுங்கள்.

காலத்தின் மறுமுனையையும் கவனியுங்கள். கட்டாய அளவுகோல் கடந்த 5 ஆண்டுகளைத்தான் பார்க்கிறது. 2020 மார்ச்சில் தன்னார்வலர்கள் தொடங்கி 2021 அக்டோபர் 31 வரை நடத்திய கோவிட்19இந்தியா தரவுத் தளத்தில் பங்கெடுத்தவர்கள் பெருமைப்பட வேண்டிய பணியைச் செய்தார்கள். ஆனால் அந்தக் காலம் 5 ஆண்டு எல்லைக்கு அப்பால் நழுவிக்கொண்டிருக்கிறது. கொரோனாக் காலப் பணியை நம்பியிருப்போர் அதற்குப் பிந்தைய சான்றுகளையும் சேர்க்க வேண்டும்.

நான் பணியாற்றிய அமைப்பு இப்போது இல்லை. என்ன செய்வது?

இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய தளத்தின் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். உடன் பணியாற்றியவர்களில் இன்று தொழில்நுட்பத் துறையில் பொறுப்பான நிலையில் இருப்பவர் தம் தற்போதைய நிறுவனத்தின் முகவரித் தாளில் நடந்ததை எழுதித் தரலாம். பழைய மின்னஞ்சல்களின் தேதிகளும் உதவும். இனிமேல் தொடங்குவோர், ஒவ்வொரு நிகழ்வுக்கும் பிறகு தேதி, இடம், செய்த வேலை, உடனிருந்தவர், இணைப்பு என்று ஐந்து தகவல்களை ஒரு குறிப்பேட்டில் அன்றே எழுதிவைத்தால், பின்னாளில் மாதக்கணக்கான தேடல் மிச்சமாகும்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் இதே முறையில் பார்க்கின்றனவா?

இல்லை. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பணி அனுபவம் என்பது ஊதியமோ கமிஷனோ பெற்றுச் செய்த வேலை மட்டுமே. தன்னார்வப் பணியும் ஊதியமில்லாப் பயிற்சியும் கணக்கில் வரா. ஆஸ்திரேலியக் கணினிச் சங்கத்தின் திறன் மதிப்பீடும் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேர ஊதியப் பணியைத்தான் அனுபவமாக எண்ணும். அங்கே கேட்கப்படுவது ஆண்டுக்கணக்கு. ஒரு நாட்டுக்காகத் தயாரித்த கோப்பை இன்னொரு நாட்டுக்கு அப்படியே அனுப்பாதீர்கள்.

நான் ஏற்கெனவே பிரிட்டனில் மாணவர் விசாவில் இருக்கிறேன். இங்கே தன்னார்வப் பணி செய்யலாமா?

செய்யலாம், ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தக் கடமையோடு, குறித்த நேரத்துக்கு வந்து செய்தாக வேண்டிய ஊதியமில்லா வேலையை அங்குள்ள விதிகள் ‘வேலை’யாகவே பார்க்கின்றன, பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கல்விப் பருவ காலத்தில் பொதுவாக உள்ள வாரம் 20 மணி நேர வரம்புக்குள் அது அடங்க வேண்டும். ஒப்பந்தமில்லாமல், ஊழியர் ஒருவரின் இடத்தை நிரப்பாமல், ஒரு தொண்டு அமைப்புக்கோ பொதுத்துறை அமைப்புக்கோ உதவுவது வேறு. லாபம் ஈட்டும் ஸ்டார்ட்அப் ஒன்று “சம்பளமில்லாமல் 6 மாதம் வேலை செய், பிறகு பரிந்துரைக் கடிதம் தருகிறோம்” என்று சொன்னால், அது தன்னார்வப் பணி அன்று. உங்கள் விசாவுக்கே ஆபத்து. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

பங்கைச் சற்றுக் கூட்டிச் சொன்னால் யாருக்குத் தெரியும்?

கட்டற்ற மென்பொருள் உலகில் எல்லாமே பதிவாகியிருக்கிறது. ‘நிறுவனர்’ என்று நீங்கள் எழுதினால், முதல் கமிட் (நிரலில் பதிவான முதல் மாற்றம்) யாருடையது என்பதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக உள்துறை அமைச்சகம் முடிவு செய்தால் 10 ஆண்டுகள் வரை பிரிட்டனுக்கான விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். குழுவாகச் செய்த பணியில் உங்கள் பகுதியை மட்டும் துல்லியமாகச் சொல்லி, மற்றவர்களின் பங்கையும் குறிப்பிடுங்கள். அப்படி எழுதப்பட்ட ஆவணங்களைத்தான் நான் நம்பிப் படித்திருக்கிறேன்.

ஒப்புதல் மறுக்கப்பட்டால்?

முடிவு வந்த 28 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. புதிய சான்றுகளை அப்போது சேர்க்க முடியாது. ஏற்கெனவே கொடுத்த சான்று எந்த இடத்தில் தவறாகப் படிக்கப்பட்டது என்பதை மட்டுமே சுட்டிக்காட்டலாம். எனவே மறுப்புக் கடிதத்தை அளவுகோல் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே உங்கள் ஆவணத்தின் பக்க எண்ணை எழுதிப் பாருங்கள். பக்க எண் எழுத முடிந்தால் மறுபரிசீலனை கேளுங்கள். எழுத முடியாத இடமெல்லாம் உங்கள் கோப்பில் உண்மையிலேயே இல்லாத சான்று. அதைச் சேர்த்துக்கொண்டு புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.